எடைக்கு வராதவை

செய்தித்தாள் கிலோ பதினாலு.
அட்டைப்பெட்டி ஒன்பது.
பள்ளிக்கூட நோட்டு, மேலட்டையைக் கிழித்துவிட்டால் பன்னிரண்டு.
ஊத்துக்கோட்டையில் சத்தியவேடு சாலை திரும்புகிற இடத்தில்
தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன், இரண்டு பாஷையிலும்.
தெலுங்குப் பக்கம் பெயின்டர் போட்டது.
சரியாகத்தான் இருக்க வேண்டும்,
யாரும் இதுவரை சண்டைக்கு வரவில்லை.

அந்தத் தகரத்தில் இல்லாதது
மூட்டைக்கு நடுவே ஒளிந்து வரும்.
கொண்டுவருகிறவர்கள் சொல்வதில்லை.
தராசைப் பார்க்காமல் சாலையைப் பார்ப்பார்கள்.
அப்போதே தெரிந்துவிடும்,
உள்ளே எங்கோ சாமி இருக்கிறது.

அவிழ்த்தால்
கற்பூரப் புகை ஏறிய ஓரம்.
அடையாளத்துக்கு வைத்த மயிலிறகு, ஒரு மின்சார ரசீது.
பச்சைத் துணி உறைக்குள் தைத்து மூடிய ஒன்று.
கறுப்புத் தோல் அட்டை, உள்ளே கல்யாணத் தேதி,
கீழே பிறந்த பிள்ளைகள் நான்கு பெயர்,
நான்காவதற்கு எதிரே மட்டும் பென்சிலில் சின்னச் சிலுவை.

எடையில் வைப்பதில்லை.
பக்தி என்று நினைக்க வேண்டாம்.
ஒருமுறை வைத்தேன்,
ஒன்றரை கிலோ, முள் ஆடாமல் நின்றது.
கைக்குத்தான் சில்லறை எண்ண வரவில்லை.

பரணில் ஒரு பலகை போட்டேன்.
மோதினார் கமருதீன் நோன்புக்கு முன்னால் வெள்ளைத் துணியோடு வருவார்,
பொதிந்து வாங்கிப்போய்
ஆள் மிதிக்காத மண்ணில் அடக்குவார்.
எத்தனை அடி ஆழம் என்று கேட்டேன்.
“மனுசனுக்கு எவ்வளவோ அவ்வளவு.”
பாஸ்டர் யோபு எடுத்துப்போக மாட்டார்.
“வாசிக்கிறவன் வந்து கேட்டால் கொடம்மா” என்பார்.
இரண்டு பேர் கேட்டார்கள்.
ஒருவன், தாள் மெல்லிசாக இருக்கிறது,
புகையிலை சுருட்ட வசதி என்று. துரத்தினேன்.
மற்றவை ஆற்றுக்கு.
ஆறு என்றால் இங்கே மணல்.
பிச்சாட்டூர் அணையைத் திறந்தால்தான் ஆரணியாறு.
அதுவரை
பதினாறு பேறும் தருகிற தோத்திரங்களும்
பல்லி முட்டையும் ஒரே பலகையில்.

தெலுங்கு வந்தால்தான் திண்டாட்டம்.
எது வேதம், எது சமையல் குறிப்பு?
எனக்கு எல்லாம் கொக்கி மாட்டிய வட்டங்கள்.
அதனால் கீழ்மூலையைப் பார்ப்பேன்.
பக்கம் புரட்டிய கட்டைவிரல்
கறுத்து மினுங்கினால்,
முதல் தாளில் மஞ்சள் தடவியிருந்தால்,
பரணுக்கு.
அப்படி ஏறியதுதான் அந்த நீள நோட்டு.
மூன்று வருஷம்
வெள்ளிக்கிழமை ஊதுபத்தி அதற்கும் சேர்த்துத்தான்.

போன கார்த்திகையில் அணை திறந்தது.
தரைப்பாலம் முழுகி இந்தப் பக்கம் நின்ற லாரிகளில்
ஓபுலேசு வண்டியும் ஒன்று.
மழைக்கு ஒதுங்கியவன்
நான் பரணைக் காலி செய்வதைப் பார்த்து
நோட்டை வாங்கிப் பிரித்தான். சிரித்தான்.
“அக்கா, இது பால் கணக்கு.”

தேதி, படி, காசு.
டீக்கடை பாக்கி.
சங்கராந்திக்கு எல்லாருக்கும் அரைப்படி கூடுதல்.
வாத்தியார் வீட்டில் இன்று வேண்டாம் என்றார்கள்.
அவன் படித்துப் படித்துத் தமிழில் சொல்ல
எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை,
ஊதுபத்திக் கணக்கை நினைத்து.

பிறகு ஒரு பக்கத்தில் நின்றுவிட்டான்.
கணக்கே இல்லாத பக்கம்.
நடுவில் குங்குமப் பொட்டு,
கீழே ஒரே வரி.
குரலை ஏனோ தாழ்த்தினான்.
“பர்ரெ ஈனிந்தி.”
எருமை ஈன்றது.
அடுத்த பதினோரு நாளும் வெற்றுத் தாள்.

ஆற்றுக்குப் போக வேண்டியவை போயின.
புத்தகம் உடனே முழுகாது,
கொஞ்சதூரம் திறந்து மூடித் திறந்து மூடிப் போகும்
என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நோட்டு மட்டும் கையில்.
பால் கணக்கு. பன்னிரண்டு ரூபாய் ரகம்.
மேலட்டையைக் கிழிக்காமலே
தட்டில் வைத்தேன்.
முந்நூறு கிராம்.

ஓபுலேசு சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.